முருங்கைக்காய்ப் பெட்டிக்குள் ஒரு தல்மூத் உரை

பழைய புத்தகங்களைத் திருத்தும் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களில் இரண்டு மூன்று பேருக்குத் தமிழ் வாசிக்க வரும் என்று கேள்விப்பட்டேன். இது உங்களுக்கு. மற்றவர்களுக்கு நீங்களே பிரெஞ்சில் சொல்லிவிடுங்கள். என்னுடைய பிரெஞ்சில் நான் சொல்லப்போனால், கதை கேட்கிறவர்கள் நான் வழி தவறி வந்துவிட்டேன் என்று நினைத்து மெத்ரோ ரயிலடிக்குக் கூட்டிப்போய் விட்டுவிடுவார்கள்.

பசை காய்ச்சுவது, தோல் சீவுவது எல்லாம் இதில் இல்லை. அதைப் பழக்க என்னைவிட நல்ல ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற அன்று என் மேசையை ஒதுக்கிய பெண், காய்ந்த பசைக் கிண்ணத்துக்குள்ளிருந்து என்னுடைய மூக்குக்கண்ணாடியைத் தோண்டி எடுத்தாள். அந்தத் தகுதியோடுதான் பேசுகிறேன்.

இந்த வேலைக்கு வருமுன் மொன்றியலின் டோர்வல் விமான நிலையத்தில் பயணப்பெட்டிகள் ஏற்றினேன். ஏற்றினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. எறிந்தேன். அந்தக் கையைத்தான் எங்கள் பட்டறையின் பொறுப்பாளர் அம்மா, இருநூறு வருடத் தாளைத் திருப்புகிற கையாகப் பழக்கி எடுத்தார். ஆற்றுக்கு அக்கரை லொங்குய்யிலிருந்து வருவார், நாள் முழுக்கப் பத்து வார்த்தை பேசுவார், அதில் பாதி சிகரெட்டைத் தேடுவதற்கு. அவரிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. புத்தகம் உன்னுடையது இல்லை, உடையவரைக் கேள், அவர் சொன்ன பிறகு தொடு. ஒரு மெழுகுத் துளியைச் சுரண்டுவதானாலும் கேள்.

நான் அதை எவ்வளவு விசுவாசமாகக் கடைப்பிடித்தேன் என்றால், வீட்டிலும் என் மனைவி வசந்தியைக் கேட்காமல் ஜன்னல் திறப்பதில்லை. முப்பது வருட வேலையில் அந்தச் சட்டத்தை ஒரே ஒரு நாள் மீறினேன். அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் புகை படிந்த கண்ணாடிக்கு அப்பால் நடந்ததுபோலத்தான் தெரிகிறது. நடந்ததோ, அரைத்தூக்கத்தில் கண்டதோ என்று சில வேளை வசந்தியைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வேன். அவள் முருங்கைக்காயை நினைவுபடுத்துவாள். அதோடு சந்தேகம் தீர்ந்துவிடும்.

மெண்டல் என்பவர் ஊத்ரமோன் பக்கத்து ஹசிதிய யூதர், ஆசாரத்தில் சிறிதும் விட்டுக்கொடுக்காத பிரிவு. கறுப்பு நீள அங்கி, காதோரம் சுருள்முடி, மார்பை மூடும் தாடி. வயது என்னுடையதுதான், ஆனால் தாடியால் எனக்குப் பெரியப்பாபோல் இருப்பார். அவர்களுடைய பள்ளி ஒன்றில் படிப்பிக்கிறவர். ஒரு இலையுதிர் காலத்தில், துணியில் சுற்றிய ஒரு தடித்த புத்தகத்தோடு பட்டறைக்கு வந்தார். முதுகு கழன்றுவிட்டது, தைக்க முடியுமா என்று கேட்டார்.

கிழக்கு ஐரோப்பாவில் ஒரு சின்னப் பட்டணத்தில், ஏறக்குறைய இருநூறு வருடங்களுக்கு முன் அச்சானது அது. அவருடைய குடும்பம் வழிவழியாகப் பின்பற்றிவரும் ஒரு ஹசிதிய ரபி, அதாவது மதகுரு, தல்மூத்துக்கு எழுதிய உரையின் முதல் பதிப்பு. தல்மூத் என்பது யூதர்களின் சட்டமும், அந்தச் சட்டத்தைப் பற்றிய ஓயாத வாதமும் சேர்ந்தது. எந்தக் காலத்திலோ செத்துப்போனவர்களும் நேற்றுப் பிறந்தவர்களும் ஒரே பக்கத்தில் இருந்துகொண்டு தர்க்கிப்பார்கள். தாள் மெல்லிய நீலம், விடிவதற்குச் சற்று முன் வானம் ஒரு நிறத்தில் இருக்குமே, அது. அந்த வானத்தில் கறுப்பு எழுத்துகள் வலமிருந்து இடமாகப் போய்க்கொண்டிருந்தன. எனக்கு ஓர் எழுத்தும் விளங்காது. ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நான் முதுகைப் பார்ப்பதற்காகப் புத்தகத்தைக் குப்புறக் கவிழ்த்தேன். மறைநூல் குப்புறக் கிடக்கக்கூடாது என்று அவர் பதறிப்போய் நிமிர்த்தக் கை நீட்டினார். இரண்டு பேருடைய கைக்கும் நடுவில் அது நழுவி நிலத்தில் விழுந்தது. ஒன்றாகக் குனிந்தோம். நான் முந்திவிட்டேன். எடுத்த கையோடு, யோசிக்காமல், சின்ன வயதுப் பழக்கத்தில், இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு வாங்கி, மட்டையில் முத்தமிட்டார். அதற்குப் பிறகு அவர் வேறு பட்டறை தேடவில்லை.

அந்தப் புத்தகத்தின் ஓரங்களில் பேனையால் எழுதிய பொடி எழுத்துகள் இருந்தன. அவருடைய தகப்பனார் எழுதியவை. அச்சடித்தது வேறு பிரதிகளிலும், பின்னால் வந்த மறுபதிப்புகளிலும் உண்டு. தகப்பனாருடைய எழுத்து உலகத்திலேயே இந்த ஒன்றில்தான். நான் எச்சில் தொட்ட பஞ்சால் ஓர் ஓரத்தில் மெல்லத் தொட்டுப் பார்த்தேன். கேட்டுவிட்டுத்தான். பஞ்சு ஊதா நிறமாகிவிட்டது. தண்ணீர் பட்டால் கரைகிற மை. கவனமாக இருங்கள் என்றேன். முதுகைத் தைத்துக் கொடுத்தேன்.

ஜனவரியில், ஒரு வெள்ளிக்கிழமை பின்நேரம், மெண்டல் வீட்டுக்கே ஓடி வந்தார். பார்க் எக்ஸ்ரென்ஷனில் எங்கள் வீடு மூன்றாம் மாடி. வெளியே வளைந்து வளைந்து ஏறும் இரும்புப் படி. கடும் குளிரில் அதில் ஓடி ஏறுகிறவருக்கு ஒன்றில் மூளை இல்லை, அல்லது வீட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்திருக்கிறது. அவருக்கு வெடித்திருந்தது. புத்தக அலுமாரியின் மேல்தட்டுக்குள் தண்ணீர் இறங்கி, புத்தகம் நனைந்து, துவாயில் சுற்றியபடி கையில் இருந்தது.

நனைந்த புத்தகத்தை உறைய வைக்கவேண்டும் என்று உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். உறைந்துவிட்டால் எல்லாம் நின்ற இடத்தில் நிற்கும். மை ஊராது, பூஞ்சணம் பிடிக்காது. ஆறுதலாக எடுத்து இயந்திரத்தில் உலர்த்தலாம். உறைந்தது திரும்ப இளகினால்தான் வில்லங்கம். ஆனால் பட்டறையின் பிரீஸர் பழுதாகி, திருத்துகிறவர் திங்கள்தான் வருவதாக இருந்தது. எங்கள் வீட்டுப் பிரீஸருக்குள் வசந்தியின் மீன் நிரம்பிக் கிடந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. மொன்றியல்காரனுக்கு ஜனவரியில் பிரீஸர் எதற்கு? பின்பக்கத்துப் பல்கனி முழுவதும் பிரீஸர்தானே. மெண்டலிடம் சொன்னேன். அவர் யோசித்தார், சம்மதித்தார். நான் புத்தகத்தை மெழுகுத் தாளிலும் பொலித்தீனிலும் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, பல்கனியில் விட்டேன். சற்று நேரத்திலேயே கல்லாகிவிட்டது.

அவர் கிளம்பும்போது வானம் சிவந்துகொண்டு வந்தது. சூரியன் இறங்கினால் அவர்களுக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும். மறுநாள் இருட்டும்வரை வேலை இல்லை, வாகனம் இல்லை, தொலைபேசி இல்லை. நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். அவருடைய ஆங்கிலம் வாதாடும், என்னுடையது மன்னிப்புக் கேட்கும்.

"நாளை இருட்டும்வரை இதைப் பற்றி உங்களிடம் எதுவும் கேட்கமாட்டேன்," என்றார். "உங்களைக்கொண்டு செய்விப்பதும் எனக்கு வேலைதான்."

நான் அதை மரியாதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். கேட்காவிட்டால் எனக்கும் நிம்மதி என்று படியால் இறங்கும்வரை கை காட்டினேன்.

இனி அந்தச் சனிக்கிழமை. மாரிக்கு நாங்கள் ஜன்னல்களுக்கு உள்ளே பொலித்தீன் தாள் ஒட்டுவோம், குளிர் வராமல். அதற்கு அப்பால் உலகம் ஒரு வெள்ளை மங்கலாகத்தான் இருக்கும். வசந்தி புட்டு அவித்தாள், அந்த ஆவி வேறு. நான் சாப்பிட்டுவிட்டுச் சோபாவில் சாய்ந்தேன். கனவில் நீல வானத்திலிருந்து எழுத்துகள் பனிபோல் விழுந்தன, எல்லாம் வலமிருந்து இடமாக. நான் அவற்றை டோர்வலில் ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். மெல்ல, ஒவ்வொன்றாக. ஒருவரும் என்னை அவசரப்படுத்தவில்லை. எங்கோ டக் டக் என்று சத்தம் கேட்டது, அதுவும் கனவுக்குள்தான் என்று நினைத்தேன்.

கதவுதான். மணி அடிக்காமல் விரலால் தட்டிக்கொண்டு மெண்டல் நின்றார். மின்சார மணியை அழுத்தக்கூடாத நாள். ஊத்ரமோனிலிருந்து நடந்தே வந்திருந்தார். ஓய்வுநாள் உடுப்பு, தலையில் பெரிய வட்ட ரோமத் தொப்பி. அதற்கு மேலே ஒரு பொலித்தீன் பை மாட்டியிருந்தார்.

உள்ளே கூப்பிட்டேன். வரவேற்பறையில் எங்கள் பிள்ளையார் இருப்பது அவர் கண்ணில் பட்டிருக்கவேண்டும், சிலை வணக்கம் அவர்களுக்கு ஆகாது. வாசலை ஒட்டிச் சப்பாத்துப் போடுவதற்கு வைத்திருந்த சின்ன வாங்கிலேயே அமர்ந்துவிட்டார். பிள்ளையார் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பிள்ளையாரைப் பார்க்காமலிருக்க மிகவும் பிரயாசைப்பட்டார்.

தேத்தண்ணி வேண்டாம் என்றார். குடும்பம் சுகமா என்று கேட்டார். சுகம் என்றேன். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. நான் அவரைச் சந்தோசப்படுத்த நினைத்து, "உங்கள் புத்தகம் கடவுளின் சொந்தப் பிரீஸரில் பத்திரமாக இருக்கிறது," என்றேன். மெண்டல் கண்களை மூடிக்கொண்டார். என் பகிடியை ரசிக்கிறார் என்று நினைத்தேன்.

இந்த இடத்தில் நான் செய்த பிழையைச் சரியாக விளங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் யாழ்ப்பாணத்து ஆளைத் தவிர வேறு யாரும் இதைச் செய்திருக்கமாட்டார்கள். எங்கள் ஆட்கள் வந்த காரியத்தை வந்தவுடன் சொல்வதில்லை. வருவார்கள், இருப்பார்கள், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரிப்பார்கள், எழும்புவார்கள், சப்பாத்தைப் போடுவார்கள், படியில் ஒரு காலை வைத்துக்கொண்டுதான் "அப்ப, ஒரு விசயம்" என்று தொடங்குவார்கள். அதற்கு முன் "என்ன விசயம்?" என்று கேட்பது மரியாதை இல்லை. ஆகவே நான் மரியாதையாகக் காத்திருந்தேன். வாசலடிப் பேச்சு வரட்டும் என்று. மெண்டலும் இருந்தார். சுவர் மணிக்கூடு ஓடியது. எனக்கு விட்ட இடத்திலிருந்து கனவு திரும்ப வரும்போலிருந்தது.

வசந்தி குசினி வாசலில் நின்று என்னைக் கண்ணால் கூப்பிட்டாள்.

"இஞ்சருங்கோ, அந்த மனுசன்ர தொப்பியைப் பாருங்கோ. சொட்டுச் சொட்டா ஊத்துது. என்ர நிலம் முழுக்கத் தண்ணி."

"பனியாயிருக்கும். உருகுது."

"பனிக்கு ஆரப்பா தொப்பிக்குப் பை போடுறது?"

நான் திரும்பிப் பார்த்தேன். பொலித்தீன் பையின் விளிம்பிலிருந்து தண்ணீர் ஒழுங்காக, பொறுமையாக விழுந்துகொண்டிருந்தது. அங்கியின் தோள் இரண்டும் கறுப்பிலும் கறுப்பாக நனைந்திருந்தன. ஒரு துண்டு பனிகூட இல்லை.

பல்கனிக் கதவின் இடுக்குகளுக்கு ஒட்டியிருந்த தாளைக் கிழித்துத் திறந்தேன். பின்னால் ஒழுங்கை முழுவதும் மூடுபனிபோல் புகார். பனிக்குவியல்களிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. கூரைகள், கம்பிகள், எதிர்வீட்டுப் படிகள், எல்லாம் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தன. ஜனவரி நடுவில் மழை. மொன்றியலில் இத்தனை வருடம் இருந்துவிட்டு இந்தக் காலநிலையை நம்பியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அட்டைப்பெட்டி புட்டு மாதிரி உதிர்ந்தது. உள்ளே பொதியை எடுத்துப் பார்த்தேன். நடுவில் இன்னும் கல். மேல்மட்டை ஓரம் மட்டும் விரலுக்கு மெத்தென்றது.

பொறுப்பாளர் அம்மாவின் சட்டம் அப்போது ஞாபகம் வந்தது. கேள், பிறகு தொடு. கேட்கவேண்டியவர் வாசலடி வாங்கில் இருக்கிறார். ஆனால் நான் கேட்டால் அவர் பதில் சொல்லவேண்டும், சொன்னால் அவருடைய நாள் கெடும். சொல்லாமல் விட்டால் தகப்பனாருடைய எழுத்து கெடும். இந்த இரண்டுக்கும் நடுவில் என் கேள்வியைக் கொண்டுபோய் வைப்பதுதான் இருக்கிறதிலேயே பெரிய அநியாயம் என்று எனக்குப் பட்டது. முதல்தடவையாக வாயை மூடினேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும்.

பொதியை மார்போடு அணைத்துக்கொண்டு வசந்தியிடம் உரக்கச் சொன்னேன், "நான் கடைக்குப் போட்டு வாறன். முருங்கைக்காய் வாங்கவேணும்."

"நேற்றுத்தானே வாங்கினனீங்கள்?"

"இன்னும் வேணும்."

மெண்டலுக்குத் தமிழ் தெரியாது. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவர், நான் தாண்டிப் போவதற்காகக் கால்களை ஒடுக்கி வழிவிட்டார். வழிவிடுவதை எந்த ரபியும் தடுக்கவில்லையாக்கும்.

மூலையில் சிவம் அண்ணையின் பலசரக்குக் கடை. பின்னுக்கு இரண்டு பெரிய பிரீஸர் பெட்டிகள் இருந்தன. ஒன்றில் மீன், இறால், நண்டு, கணவாய். மற்றதில் ஊரிலிருந்து வரும் உறைந்த மரக்கறி, தேங்காய்ப்பூ. சிவம் அண்ணை என் பொதியைப் பார்த்தார்.

"என்ன தம்பி இது?"

"புத்தகம் அண்ணை. திங்கள் வரைக்கும் பிரீஸரில வைக்கவேணும்."

"புத்தகத்தையோ? பேந்து சூடாக்கிப் படிக்கிறதோ?" என்று கேட்டுக்கொண்டே மீன் பெட்டியைத் திறந்தார். "இதுக்குள்ள வை. கணவாய்க்குப் பக்கத்தில இடம் இருக்கு."

நான் நின்றுவிட்டேன். இறாலும் நண்டும் கணவாயும் யூதர்கள் சாப்பிடக்கூடாதவை என்று தெரியும். பொலித்தீனில் சுற்றிய புத்தகம் பக்கத்தில் இருக்கலாமா கூடாதா, அது எனக்குத் தெரியாது. கேட்கவும் ஆள் இல்லை. மட்டையில் அவர் முத்தமிட்டது மட்டும் கண்ணுக்குள் வந்தது.

"மரக்கறிப் பெட்டிக்குள்ள வைப்பம், அண்ணை."

"அது முட்ட முருங்கைக்காய். கணவாய் கடிக்காது, தம்பி."

"கடிக்காது. ஆனா நான் பேந்து ஒராளின்ர முகத்தில முழிக்கவேணும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முருங்கைக்காய்ப் பைகளை அள்ளி அள்ளி வெளியே போட்டார். இடம் வந்தது. தேங்காய்ப்பூவை மெத்தையாகப் பரப்பி, அந்த ரபியின் உரையை அதன்மேல் கிடத்தினேன். மூடியை இறக்கியபோது கண்ணாடியில் வெள்ளையாக உறைபனி படர்ந்து அதை மறைத்தது. வெளியே எடுத்த முருங்கைக்காய் முழுவதும் என் தலையில் கட்டப்பட்டது. அது நியாயம்தானே.

வீட்டுக்கு வந்தபோது வாங்கு வெறுமையாக இருந்தது. அதற்குக் கீழே ஒரு வட்டத் தண்ணீர்.

"நீங்கள் போன கையோட எழும்பிப் போட்டார்," என்றாள் வசந்தி. "வாசலடியிலயும் ஒண்டும் சொல்லேல்லை. உதென்ன இவ்வளவு முருங்கைக்காய்?"

திங்கட்கிழமை பட்டறையில் பொறுப்பாளர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டார், இடம் மாற்றச் சொல்லி உடையவர் சொன்னாரா? இல்லை. நீ கேட்டாயா? இல்லை. அப்படியானால் யார் சொன்னது? அவருடைய தொப்பி, என்றேன். அம்மா சிகரெட்டைத் தேடி எடுத்தார். வேலைக்கு வந்த நாள்முதல் அவர் என்னிடம் ஒரு சிகரெட் நீட்டியது அன்றைக்குத்தான். எனக்குச் சிகரெட் பழக்கமில்லை. ஆனாலும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

வசந்த காலத்தில் புத்தகம் உலர்ந்து, தைத்து, தயாரானது. முன்பக்கத்துத் தாள்கள் சிலவற்றில் ஓர எழுத்து கலைந்து, நீலத் தாளில் ஊதா மேகங்களாகப் பரவியிருந்தது. மற்றதெல்லாம் பிழைத்தது. மெண்டல் வந்து, மேகங்களைப் பார்த்தார், விரலால் தடவினார். பிறகு எதையோ தேடிப் பக்கங்களைத் திருப்பினார். ஓரிடத்தில் நின்றார்.

அது ஓய்வுநாளைப் பற்றிய பகுதி என்றார். பெரிய நட்டம் வருகிறபோது, யூதரல்லாத ஆளிடம் வேலை சொல்லக்கூடாதுதான், ஆனால் ஜாடையாகக் காட்டலாம் என்று மற்ற ரபிகள் பலர் சொல்கிறார்களாம். இந்த உரையை எழுதியவர் மட்டும் அதுவும் கூடாது என்கிறார். கண்ணாலும் கூடாது. எங்கள் குடும்பம் இவர் வழி, என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்படியென்றால் இந்தப் புத்தகத்தையே கேட்டிருந்தால், என்னைக் கரையவிடு என்றுதான் சொல்லியிருக்கும்."

"சந்தேகமில்லாமல்."

அந்த வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், இரண்டே இரண்டு எழுத்து ஊதா மையில் இருந்தது. கலையவில்லை. அது என்ன என்று கேட்டேன். "அப்பா எழுதியது. இது இன்னும் யோசிக்கவேண்டியது என்று அர்த்தம்." சொல்லிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். ஒரு எறும்பளவு எழுத்து. அன்றைக்குப் புகாருக்குள் நான் மார்போடு அணைத்துக்கொண்டு போனது இதைத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

"மெண்டல், அன்றைக்கு நீங்கள் ஏன் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள்?"

"நடக்க வந்தேன். ஓய்வுநாளில் நடப்பது நல்லது," என்றார். முகத்தில் ஓர் அசைவும் இல்லை. "நீங்கள் ஏன் அவ்வளவு அவசரமாக வெளியே போனீர்கள்?"

"மரக்கறி வாங்க. முருங்கைக்காய் என்று ஒரு காய்."

"அந்தக் கடையில் மீனும் விற்பார்களோ?"

"விற்பார்கள். நான் மரக்கறிப் பக்கம் மட்டும்தான் போனேன்."

தாடிக்குள்ளிருந்து ஒரு நீண்ட மூச்சு வெளியே வந்தது. புத்தகத்தை மூடி, முத்தமிட்டு, துணியில் சுற்றினார். நீங்கள் கவனித்திருப்பீர்கள், அவர் எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. சொன்னால், அன்றைக்கு என்னிடம் ஏதோ எதிர்பார்த்து வந்தார் என்று ஆகிவிடும். பொதியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கதவுவரை போனார். ஒரு காலை வெளியே வைத்தார். அப்படியே நின்று திரும்பினார், அசல் எங்கள் ஊர்க்காரர்போல.

"அந்தக் காய்," என்றார், "நன்றாக இருந்ததா?"

"ஒரு கிழமையாகச் சாப்பிட்டோம்," என்றேன். "மிக நன்றாக இருந்தது."

"சந்தோசம்," என்று சொல்லிவிட்டுப் படியால் இறங்கினார்.